முற்றம் தேடிவந்த பள்ளி

1907-ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள். ரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதி. பெற்றோர் கூலிக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளுக்காக, அடுக்குக் குடியிருப்பு ஒன்றில் 'குழந்தைகள் இல்லம்' திறந்தார் மரியா மாண்டிசோரி அம்மையார். அடிக்கு அஞ்சியல்ல, ஆர்வத்தால் கற்றது ஏழைக் குழந்தை. தன் வேலையைத் தானே செய்தல், தன் முறைக்குக் காத்திருத்தல், தோழனை மதித்தல் ஆகியவையே அங்குப் பாடம். மேல்நாட்டார் இன்று 'சமூக உணர்வுக் கல்வி' என்று போற்றுவது இதனையன்றோ!

அந்த அம்மையார் 1939-இல் நம் அடையாற்றுக்கே வந்தார்; பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கினார். விளைவு? ஏழையர் குடியிருப்பில் பிறந்த முறை, பெரும்பாலும் வசதி படைத்தோர் பள்ளிகளில் குடியேறிற்று! விலைமிகுந்த கருவிகளே வேலியாயின.

வேலியைத் தாண்டியோரும் உண்டு. பவநகரில் 1920-இல் பாலமந்திரம் தொடங்கிய கிஜுபாய் பதேகா, நாட்டுக் கதையையும் பாட்டையும் பாடமாக்கினார். அவருடன் உழைத்த தாராபாய் மோடக், 1945-இல் மராட்டியக் கடலோரப் போர்டிக்குச் சென்றார். சிப்பியும் கூழாங்கல்லும் இலையுமே அங்குக் கருவிகள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளை நாடி, தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பின் முற்றத்திற்கே பள்ளி சென்றது. அந்த முற்றத்தின் பெயரே அங்கன்வாடி! 1975-இல் அரசுத் திட்டம் ஏற்ற பெயரும் அதுவே.

ஆனால், மண்ணுக்கேற்ற கல்வி என்ற பெயரில் வருவன யாவும் நல்லனவா? 1953-இல் ஆச்சாரியார் கொணர்ந்த திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி என்று கொதித்தெழுந்தது தமிழகம்; 1954-இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. மோடக் மாற்றியது கருவியை; குழந்தையின் உரிமையையன்று. ஆச்சாரியார் திட்டமோ உரிமையையே குறைத்தது. இந்த வேறுபாடே நமக்கு உரைகல்.

பெரும்பாக்கத்தைப் பாருங்கள். கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து பெயர்த்து வரப்பட்ட குடும்பங்கள் அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. பழகிய தெருவையும் தோழரையும் இழந்த பிஞ்சுகளுக்கு, எண்ணும் எழுத்தும் மட்டும் போதா. அச்சத்தையும் துயரத்தையும் சொல்லும் சொல்லும் வேண்டும். அச்சொல் அவர்தம் வீட்டுத் தமிழில், அவர்கள் அறிந்த ஆட்டத்தில், பாட்டில் அமையட்டும். வெளிநாட்டுப் பாடம், 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்கிறது. நம் வீடோ, 'பெரியவர் முன் தலைகுனி' என்கிறது. எதனைக் கொள்வது? குனிந்த தலையில் இருப்பது அன்பா, அச்சமா என்று கேளுங்கள். அன்பெனில் போற்றுக, சாதி தந்த அச்சமெனில் அகற்றுக!

சான் லொரென்சோ அடுக்குவீட்டுப் பிள்ளைக்குக் கிட்டியது, பெரும்பாக்கத்துப் பிள்ளைக்கும் உரியதே. இளைஞர்களே, உங்கள் பகுதி அங்கன்வாடிக்குச் சென்று பாருங்கள். பிள்ளைகள் அங்கே வாய்விட்டுப் பேசுகின்றனரா, வாய்பொத்தி அமர்ந்திருக்கின்றனரா என்று!