கடலூர்க் கரையின் கண்ணாடி மணிகள்

கடலூருக்குத் தெற்கே உள்ள காரைக்காடும், வடக்கே புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடும் பழங்காலத்தில் கடல் வாணிகம் செழித்த ஊர்கள். இரண்டு ஊர்களின் அகழாய்விலும் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளோடு கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன.

அரிக்கமேட்டுப் பொருள்களை முதலில் கவனித்துச் சேகரித்தவர்களுள் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ருய் முக்கியமானவர். 1930களில் ஊர்ச் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கியவற்றையும் அவர் வாங்கிச் சேர்த்தார். 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947–50இல் கசாலும், 1989–92இல் விமலா பெக்லியும் அங்கே அகழாய்வு செய்தனர்.

இம்மணிகள் இழுப்பு முறையில் உருவானவை. உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டி, அதன் நடுவே துளை நிற்கும்படி மெல்லிய நீண்ட குழலாக இழுப்பார்கள். குழல் ஆறியதும் அதைச் சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். துண்டுகளைச் சாம்பலோடு சேர்த்துச் சூடேற்றிக் கிளறும்போது கூரிய விளிம்புகள் மழுங்கும். துளை அடைபடாமல் சாம்பல் காக்கும். பெரும்பாலான மணிகள் 6 மில்லிமீட்டருக்கும் சிறியவை. அவற்றின் செங்கல் சிவப்பு செம்பால் வருவது.

இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் கிளாங் தோம், வியட்நாமின் ஓக் இயோ ஆகிய இடங்களிலும் இவ்வகை மணிகள் கிடைப்பதால், ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டார். ஆந்திரத்தின் பாப்பநாயுடுபேட்டையில் இந்தத் தொழில்முறை 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

சேகரிப்பாளர் பெட்டியில் இருக்கும் மணி அழகுப்பொருள் மட்டுமே. கிடைத்த இடமும் மண்ணடுக்கும் பதிவான மணியே வரலாற்றுச் சான்று.