மின்கோபுரங்களில் இறப்பர்க் காவலிகள்: நன்மையும் மறைந்திருக்கும் ஆபத்தும்

மின்சாரம் தடைப்படும் வேளைகளில் மின்னுற்பத்தி நிலையங்களைப் பற்றியும் எரிபொருளைப் பற்றியுமே நாம் பெரிதும் பேசுகின்றோம். உயர் அழுத்த மின்சாரத்தைச் சுமந்து செல்லும் கம்பிகளை உருக்குக் கோபுரங்களிலிருந்து பிரித்து வைத்திருக்கும் காவலிகளைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே. கம்பியின் பாரத்தைத் தாங்குவதும், அதிலுள்ள மின்சாரம் கோபுரத்தினூடாக நிலத்தைச் சென்றடையாது தடுப்பதும் ஆகிய இரு கடமைகளையும் இவை ஒருங்கே ஆற்றுகின்றன. ஒரு காவலி தவறினால் ஒரு செலுத்துகை மார்க்கமே செயலிழக்கக்கூடும்.

நூறாண்டுக்கும் மேலாக இப்பணியைப் பீங்கானும் கண்ணாடியும் செய்து வந்துள்ளன. 220 கிலோவோல்ற் மார்க்கமொன்றில் ஏறத்தாழ 14 தட்டுகள் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டுத் தொங்குவதைக் காணலாம். இவற்றின் பலவீனம் மேற்பரப்பிலேயே உள்ளது. பீங்கான் மீது நீர் படலமாகப் பரவும். கடலுப்பும் தொழிற்சாலைத் தூசும் படிந்திருக்கும்போது பனியோ தூறலோ அதனை நனைத்தால், அப்படலம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகின்றது. கசியும் மின்னோட்டம் சில இடங்களை உலர்த்த, அவ்விடங்களில் சிறு மின்வில்கள் தோன்றி, ஈற்றில் ஒன்றிணைந்து முழுச் சங்கிலியையும் தாண்டிப் பாய்கின்றன. கனமழை அழுக்கைக் கழுவி விடுகின்றது, மென்பனியே ஆபத்தானது.

இதற்கு மாற்றாக வந்தவையே கூட்டுக் காவலிகள். கண்ணாடி நார்களைப் பிசினால் பிணைத்து ஆக்கப்பட்ட தண்டு பாரத்தைத் தாங்குகின்றது. குடைகள் போன்ற விளிம்புகளைக் கொண்ட சிலிக்கோன் இறப்பர் உறை அதனை மூடிக் காக்கின்றது. இரு முனைகளிலும் உலோகப் பூண்கள் இறுக்கப்பட்டுள்ளன. 1960களின் பிற்பகுதி தொடக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவை படிப்படியாகப் பயன்பாட்டுக்கு வந்தன. இங்கு குறிப்பிடப்படும் இறப்பர் எமது தோட்டங்களில் பால் வெட்டி எடுக்கப்படுவதன்று. மணலிலிருந்து பெறப்படும் சிலிக்கனை மூலமாகக் கொண்ட செயற்கைப் பொருளாகும்.

சிலிக்கோன் மீது விழும் நீர், சேம்பிலையில் விழுந்தது போல் துளிகளாகத் திரண்டு நிற்கும். அத்துடன் உறையிலிருந்து கசியும் நுண்ணிய சிலிக்கோன் மூலக்கூறுகள் படிந்த அழுக்கினுள்ளும் ஊடுருவி, அதற்கும் நீரை விலக்கும் தன்மையை அளிக்கின்றன. பீங்கானுக்கு இவ்வாற்றல் இல்லை. மேலும் இவற்றின் நிறை பீங்கான் சங்கிலியின் பத்தில் ஒரு பங்களவே என்பதால் மலைப்பகுதிகளுக்குக் கொண்டு செல்வதும் எளிது.

வட இந்தியாவின் குளிர்காலப் பனிமூட்டம் இதற்குத் தக்க உதாரணமாகும். அங்கு மாசும் பனியும் சேர்ந்து செலுத்துகை மார்க்கங்களை அடுக்கடுக்காகத் துண்டித்து வந்த நிலையில், பவர்கிரிட் நிறுவனம் பாதிப்பு மிகுந்த பகுதிகளில் பீங்கானை அகற்றி இக்காவலிகளைப் பொருத்தியது.

எனினும் இவை குறையற்றவை அல்ல. பீங்கான் உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். கூட்டுக் காவலியின் பழுதோ உள்ளே மறைந்திருக்கும். உறையில் சிறு வெடிப்பு ஏற்பட்டு ஈரம் தண்டைச் சென்றடையுமாயின், மின்னிறக்கத்தினால் உருவாகும் நைத்திரிக் அமிலம் கண்ணாடி நார்களை அரிக்கின்றது. ஒரு நாள் தண்டு கத்தியால் வெட்டியது போல் முறிந்து, கம்பி கீழே வீழ்கின்றது. மின்னூட்டப்பட்ட மார்க்கத்தில் பணிபுரியும் ஊழியருக்கு இது உயிராபத்தாகும். அமிலத்தைத் தாங்கும் போரன் அற்ற கண்ணாடி நார் இவ்வபாயத்தைப் பெரிதும் குறைக்கின்றது. அவுஸ்திரேலியாவில் மின்னூட்டப்படாதிருந்த காவலிகளைக் கொக்கட்டூ கிளிகள் கொத்திச் சிதைத்த சம்பவங்களும் உண்டு. களஞ்சியங்களில் எலிகளிடமிருந்தும் இவற்றைக் காக்க வேண்டியுள்ளது.

சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1992இல் வெளியிட்டு 2008இல் திருத்திய 61109 இலக்க நியமம் இவற்றுக்கான சோதனைகளை வகுத்துள்ளது. மாசின் கடுமைக்கேற்ப மேற்பரப்பின் நீளமும் மாற வேண்டும். நீண்டகாலம் வழக்கிலிருந்த கணிப்பின்படி, மிகக் கடுமையான மாசுள்ள இடத்தில் கிலோவோல்ற் ஒன்றுக்கு 31 மில்லிமீற்றர் தேவை. 220 கிலோவோல்ற் மார்க்கத்தின் உச்ச அழுத்தமான 245 கிலோவோல்ற்றுக்கு அது ஏறத்தாழ 7.6 மீற்றராகும். மாசு குறைந்த இடத்திலோ 16 மில்லிமீற்றர் வீதம் 4 மீற்றருக்கும் குறைவே போதும்.

எமது நாட்டில் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் மன்னார் காற்றாலைகளும் கடலோரத்திலேயே அமைந்துள்ளன. அங்கிருந்து புறப்படும் மார்க்கங்கள் உப்புக்காற்றைத் தாங்கியே உள்நாட்டை அடைகின்றன. ஆகவே இக்காவலிகளின் பயன் எமக்கும் உரியதே. ஆனால் விலைமனுவில் குறைந்த தொகையை மட்டும் நோக்கித் தரமற்ற காவலிகளைத் தெரிவு செய்வது, பத்தாண்டு கழித்து இருளை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும். தண்டின் தரத்தையும் முனைகளின் அடைப்பையும் சோதித்துப் பெறுவதும், பொருத்திய பின்னர் வெப்பப் படக்கருவிகளாலும் புறவூதாப் படக்கருவிகளாலும் காலத்துக்குக் காலம் பரிசோதிப்பதும் கொள்வனவின் பிரிக்கமுடியாத அங்கங்களாகக் கொள்ளப்பட வேண்டும்.