காவிரி வழக்கும் உச்ச நீதிமன்றமும்

கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியான பேராவூரணியில் சம்பா பிழைப்பதும் கருகுவதும் மேலிருந்து இறங்கும் நீரைப் பொறுத்தது. அந்த நீருக்கான சட்டப் போராட்டத்தில் டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று 1983இல் உச்ச நீதிமன்றம் சென்றது முக்கியமான திருப்பம். அதன் விளைவாக 1990இல் காவிரி நடுவர் மன்றம் பிறந்தது.

மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுகளில் நீதிமன்றங்களின் அதிகாரத்தை நாடாளுமன்றம் சட்டம் இயற்றி விலக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 262ஆம் பிரிவு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே விலக்கியது. ஆயினும் நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடுகளை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு முன்பே, நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை முறியடிக்கக் கர்நாடகம் கொண்டுவந்த அவசரச் சட்டம் செல்லாது என 1991இல் கருத்துரைத்திருந்தது; மாநிலம் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்பதே அதன் சாரம்.

உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பு, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழகம் பெறவேண்டிய ஆண்டு நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைந்த 14.75இல் 10 டிஎம்சிக்குச் சொன்ன காரணம், டெல்டாவின் நிலத்தடி நீர். மீதி 4.75 பெங்களூரு நகரின் தேவைக்கு. கால்வாய்த் தண்ணீர் எட்டாத ஆண்டுகளில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பும் கடைமடைக்காரருக்கு இக்கணக்கு கடுமையானது. தீர்ப்பைச் செயல்படுத்த அதே ஆண்டு ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது.