சட்டமும் அருளும்: கிறித்தவ வரலாற்றில் ஒரு நெடிய வழக்கு

"கிறித்தவர் சட்டத்தைத் துறந்துவிட்டு அருளை மட்டும் பற்றிக்கொண்டவர்" எனும் கூற்று நம்மவர் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. அரபுக் கல்லூரி மாணவர் சிலரும் தேர்வுத் தாளில் இதையே எழுதுகின்றனர். பிற சமயத்தாரைப் பற்றிப் பேசுவதும் ஒருவகைச் சாட்சியமே. அச்சாட்சியம் உண்மையானதுதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

தமிழ்க் கிறித்தவருள் சீர்திருத்தச் சபையார் மூஸா (அலை) அவர்களின் சட்டத்தை நியாயப்பிரமாணம் என்றும், இறையருளைக் கிருபை என்றும் வழங்குவர். இவ்விரண்டையும் பற்றிய வழக்கு முதல் நூற்றாண்டிலேயே எழுந்தது. ஈசா (அலை) அவர்களைப் பின்பற்ற வந்த யூதரல்லாதார் கத்னா செய்துகொள்ள வேண்டுமா என்ற வினாவுக்காக, கி.பி. 49 அளவில் எருசலேமில் ஓர் அவை கூடிற்று. கத்னா கட்டாயமன்று, ஆனால் சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம், விபசாரம் போன்றவற்றை விலக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சட்டம் சுருக்கப்பட்டதேயன்றி முற்றிலும் நீக்கப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சட்டத்தின் செயல்களால் எவரும் நீதிமானாக முடியாது என்று வாதிட்ட பவுலின் மடல்களும், செயலில் வெளிப்படாத நம்பிக்கையால் பயனில்லை எனும் யாக்கோபின் மடலும் ஒரே வேதத் தொகுப்பில்தான் இடம்பெற்றுள்ளன.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கு வேறு வடிவம் கொண்டது. இறைவன் கட்டளையிட்டான் எனில் அதை நிறைவேற்றும் திறனும் மனிதனுக்கு உண்டு என்பது பெலாஜியுசின் வாதம். இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீன் (354–430) இதை மறுத்தார். சட்டம் மனிதனின் இயலாமையை உணர்த்தி அருளைத் தேடச் செய்கிறது. அருளோ அச்சட்டத்தைப் பேணும் ஆற்றலை அளிக்கிறது என்பது அவர் கொள்கையின் சாரம். 418இல் கார்தேஜில் கூடிய ஆயர் அவை பெலாஜியுசின் கொள்கையைக் கண்டித்தது.

நம்பிக்கையால் மட்டுமே மீட்சி என்று முழங்கிய மார்ட்டின் லூதரையே சட்டத்தின் பகைவராக நம்மவர் பலர் எண்ணுகின்றனர். ஆனால் 1529இல் அவர் வெளியிட்ட இரு ஞானோபதேச நூல்களும் பத்துக் கட்டளைகளிலிருந்தே தொடங்குகின்றன. அவருடைய நண்பரும் ஒரே ஊரினருமான யோகான் அக்ரிகோலா, சட்டம் நீதிமன்றத்திற்கு உரியது, போதனை மேடைக்கு உரியதன்று என்ற கருத்தை முன்வைத்தார். லூதர் நட்பையும் பொருட்படுத்தாது 1537 முதல் அவரை எதிர்த்து வாதிட்டார். சட்டம் இல்லையேல் பாவம் எதுவெனத் தெரியாது. பாவத்தை உணராதவனுக்கு அருள் எதற்கு? இதுவே அவர் எழுப்பிய வினா.

கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. மனிதன் இறைவனிடம் ஏற்கப்படுவது தன் தகுதியால் அன்று, அருளால். நற்செயல்கள் அதன் கனிகள் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பிணக்கில் பெரும்பகுதி இவ்வாறு தணிந்தது.

இவ்வருளைச் சிலுவைப் பலியோடு பிணைக்கும் அவர்களது கொள்கையை நாம் ஏற்பதில்லை. அவ்வேறுபாடு அடிப்படையானது, மறைக்க வேண்டுவதன்று. எனினும், எவரையும் அவரது செயல் மட்டுமே சுவனம் புகுத்தாது, இறைவனின் ரஹ்மத் வேண்டும் எனும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் உள்ளது. ஈமான் இருந்தால் பாவம் தீங்கு செய்யாது என்ற முர்ஜிஆக்களுள் தீவிரமானோரை நம் இமாம்கள் மறுத்ததும் நாம் அறிந்ததே. அக்ரிகோலாவின் கூற்றைக் கிறித்தவம் முழுவதன் மீதும் ஏற்றுவது, முர்ஜிஆவின் கூற்றை இஸ்லாத்தின் மீது ஏற்றுவதற்கு ஒப்பாகும். நமக்கு இழைக்கப்பட்டால் எதை அநீதி என்போமோ, அதை நாம் பிறருக்கு இழைத்தல் தகாது.