பஞ்சாயத்திலிருந்து ஆலோசனை அறைக்கு

கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தால் யாரிடம் போவது? இக்கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. இன்று நம் பிள்ளைகள் 'கவுன்சலிங் போறோம்' என்றால், "அதுவும் ஒரு பஞ்சாயத்துதானே?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இரண்டும் வேறு என்பதைத் திருவனந்தபுரம் வட்டாரத் தமிழர் வரலாற்றைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

பொன்முடி என்றதும் 22 கொண்டை ஊசி வளைவுகளும் மூடுபனியும் நம் நினைவுக்கு வரும். அம்மலைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் வாழ்ந்தன. தோட்டத்து லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த வீடுகள். இந்த வீட்டில் சத்தம் போட்டால் அடுத்த வீட்டில் கேட்கும். சண்டை முற்றினால் கங்காணியோ மூத்தவர் ஒருவரோ வந்து நியாயம் சொல்லுவார். "யார் மேல தப்பு?" என்று தொடங்கும் அந்த நியாயம், பெரும்பாலும் "நீதாம்மா அனுசரிச்சுப் போகணும்" என்று முடியும்.

தெற்கே நாஞ்சில் நாட்டில் பிணக்கின் வேர் சொத்தில் இருந்தது. அங்கே வேளாளரிடம் மருமக்கள்வழி முறை நிலவியது. ஆணின் குடும்பச் சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும். மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்ற சிறு பங்கே கிடைக்கும். அந்தக் கொடுமையைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற நூலில் ஒரு மனைவியின் வாய்மொழியாகவே பாடினார். 1926இல் திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அம்முறையை மாற்றியது. சொத்துச் சிக்கலைச் சட்டம் தீர்த்தது. இருவர் மனத்துக்குள் இருந்ததைத் தீர்க்க அதனால் எப்படி முடியும்?

பின்னர் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மணமுறிவுக்கு முன் சமரசத்துக்கு முயல வேண்டும் என்றது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களையும் நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வழக்கு என்று வந்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும்.

தம்பதியர் சிகிச்சை அதற்கு முன்பே செல்ல வேண்டிய இடம். இங்கிலாந்தில் 1938லேயே திருமண வழிகாட்டு மன்றம் தோன்றியது. 1980களில் கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் உணர்ச்சிகளை மையமாகக் கொண்ட முறையை வகுத்தனர். இம்முறைகளில் ஆலோசகர் தீர்ப்புச் சொல்வதில்லை. முதலில் இருவரின் கதையையும் கேட்பார். சில சமயம் தனித்தனியாகவும் பேசுவார். பிறகு சண்டை எப்படிச் சுழல்கிறது என்று காட்டுவார். "ஏன் லேட்டு?" என்று அவள் கேட்க, அவன் வாயை மூடிக்கொள்ள, அவள் குரல் இன்னும் உயர, அவன் வெளியே போய்விடுவான். அவள் கோபத்துக்கு அடியில் 'என்னை மறந்துட்டாரோ' என்ற பயமும், அவன் மௌனத்துக்கு அடியில் 'என்ன செஞ்சாலும் குறைதான்' என்ற வேதனையும் இருக்கலாம். அதை ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதே அங்கு நடக்கும் வேலை.

பலன் உண்டா? அமெரிக்காவில் நெடுநாள் பிணக்கிலிருந்த 134 தம்பதியரை வைத்து நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. அதிகபட்சம் 26 அமர்வுகள். முடிவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் முன்னேறியிருந்தனர். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது சுமார் பாதிப்பேரிடம் முன்னேற்றம் நிலைத்திருந்தது. கால்பங்குக்குச் சற்று மேற்பட்டோர் பிரிந்திருந்தனர். ஆகவே இது மந்திரமன்று. என்றாலும் முயன்று பார்க்கத் தக்கது. பிரிவதே முடிவானாலும், பிள்ளைகளை நடுவில் நிறுத்தாமல் பிரியக் கற்பதும் ஒரு பலன்தான்.

ஓர் எச்சரிக்கை அவசியம். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பது ஆபத்து. அங்கே பேசினதுக்கு வீட்டில் அடி விழும். அப்பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. அதற்கென்றே 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

நம் சங்கப் பெரியவர்களுக்கு இனி வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. "போய்ட்டு வாங்க, இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அவர்கள் திரும்பி வந்ததும், "உள்ளே என்ன பேசினீங்க?" என்று கேட்காமல் இருக்கலாம். அன்று லயத்துச் சுவர் தராத மறைவை இன்று நாம் தரலாமே.