நெய்வேலி: அகழ்ந்த மண்ணின் வரலாறு

சுரங்கத்தின் பெருமையைப் பேசுவோர் அதிலிருந்து வெளிவந்த பொருளையே அளந்து பேசுவர். பொன் எனின் அவுன்சுக் கணக்கு. நிலக்கரி எனின் டன் கணக்கு. அப்பொருளுக்காக அகற்றப்பட்ட மண் எங்கே சென்றது என்று கேட்பார் மிகச் சிலரே.

கேளாமையின் விளைவை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பழைய மைசூர்ச் சமஸ்தானத்தின் கோலார் தங்கவயலில், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களினின்றும் வந்த தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். பாறையைப் பொடியாக்கிச் சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தபின், எஞ்சிய தூள் ஊருக்கருகே குன்றுகளாகக் குவிந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, குன்றுகள் நின்றன. காற்று வீசுங்கால் அத்தூள் உழைத்தவர் வீடுகளிலேயே படிகிறது.

தென்னார்க்காட்டு நெய்வேலியில் வேறொரு வழி திறந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருளொன்று வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் அமைந்தது. 1957 மே 20-ல் நேரு பெருமகனார் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஆயினும் நிலக்கரி முகங்காட்டியது 1961 ஆகஸ்டில்தான். இடையே கழிந்த நான்கு ஆண்டுகளும் மண்ணோடு செய்த போரேயாகும்.

நிலக்கரியின்மேல் பல இடங்களில் 50 மீட்டருக்கும் அதிகமாகக் கடினமான மணற்பாறையும் களிமண்ணும் கிடந்தன. ஒரு டன் நிலக்கரிக்கு ஏறத்தாழ ஐந்து கன மீட்டருக்கு மேல் மண் அகற்ற வேண்டியிருந்தது. வாளிகள் பொருந்திய பெருஞ்சக்கர இயந்திரங்கள் அதனை வெட்டின. கன்வேயர்ப் பட்டைகள் சுமந்து சென்றன. முதலில் வெட்டிய மண்ணைக் கொட்டக் குழியில்லை. ஆகவே அது வெளியே மேடாயிற்று. சுரங்கம் முன்னேற முன்னேற, நிலக்கரி எடுத்த குழியிலேயே பின்னால் வரும் மண்ணை நிரப்பினர்.

நிரப்புதல் எளிது, விளையச் செய்தலே அரிது. ஆழத்திலிருந்து வந்த மண்ணில் மக்கு இல்லை, உயிர்ச்சத்தும் இல்லை. சமப்படுத்தி, எருவும் பசுந்தாளும் இட்டு, மரம் வளர்த்துப் பேணிய பிறகே அது பயிருக்கு இசையும். அவ்வாறு மீட்ட நிலத்தில் நெல்லும் விளைவித்துக் காட்டினர். கோலாரில் காணாத நற்செயல் இது.

எனினும் கணக்கு இங்கே முடிந்துவிடவில்லை. நிலம் தந்த உழவனுக்கு அந்நிலம் மீண்டதா? 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, வயலில் நின்ற நெற்பயிரை இயந்திரங்கள் அழித்தபோது தமிழகம் பதைத்தது. பழைய குழியில் நெல் விளையும்போதே புதிய குழிக்காக நெல் அழிவது முரணன்றோ! மண்ணை மீட்டால் மட்டும் போதாது. மண்ணுக்குரியவனின் வாழ்வையும் மீட்டாலன்றி அது முழு மீட்பாகாது.

நெய்வேலி மின்சாரத்தில் ஒரு பங்கு கருநாடகத்திற்கும் வருகிறது. அன்புடையீர், நம் வீட்டு விளக்கொளியில் அவ்வுழவரின் வயலும் கலந்திருக்கிறது. அவர்களுக்குரிய நீதியைக் கேட்கும் குரலில் மைசூர்த் தமிழர் குரலும் சேர்ந்தொலிப்பதாக!