ஆட்சியும் ஆட்படுதலும்

சிவமயம்

முத்தாண்டிக்குப்பத்துத் திருக்கோயிலில் திருப்பணி நிறைவெய்தித் திருக்குடமுழுக்கு நன்னாள் வாய்த்திருக்கும் இவ்வேளையில், மலர்க்குழுவினர் ஒரு கட்டுரை எழுதித் தருமாறு அடியேனைப் பணித்தனர். பணித்தல் என்னும் அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. ஏவுவோன் செயல் பணித்தல், ஏவப்பெற்றோன் செய்வது பணி, தலைவணங்குதல் பணிதல். ஆணைக்கும் தொண்டிற்கும் வணக்கத்திற்கும் ஓரினச் சொற்களே வழங்குமாறு நம் தாய்மொழியில் அமைந்திருத்தல் எண்ணி இன்புறத்தக்கது. பிறர்மேல் அதிகாரம் செலுத்துவோரைக் குறிக்கும் நம் சொற்கள் பலவும் இவ்வாறே ஓர் அறத்தைத் தம்முட்பொதிந்து நிற்கின்றன.

ஆளுதல் அரசனது தொழில். ஆள் என்பதோ ஏவல் செய்வானது பெயர். இவ்விரண்டும் ஒருங்கு விளங்கிய இடம் நம் நடுநாட்டுத் திருவெண்ணெய்நல்லூராகும். புத்தூரில் திருமணக்கோலத்தோடிருந்த நம்பியாரூரரை, முதிய வேதியராய் வந்த இறைவன், “நீ எனக்கு வழிவழி அடிமை” என வழக்கிட்டான். ஆரூரர் ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்பெற்றது. பாட்டனார் கையெழுத்தோடு ஒத்திட்டுப் பார்த்த அவையோர், முதியவர் பக்கமே தீர்ப்பளித்தனர். அன்று ஆட்பட்டவரே பின்னர்த் தம்பிரான் தோழர் எனப்பெற்றார். சமயக் குரவர் நால்வரையும் ஆளுடைய பிள்ளையார், ஆளுடைய அரசர், ஆளுடைய நம்பி, ஆளுடைய அடிகள் என வழங்கும் மரபும் இக்கருத்தினை வலியுறுத்தும்.

இவருள் அரசர் என்னும் பெயர் யார்க்கு வாய்த்தது? திருவாமூரில் தோன்றிய மருணீக்கியார், சமண் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றிருந்தவர். சூலைநோயுற்று, அத்தலைமையினை விடுத்து, இரவோடிரவாகத் திருவதிகைக்கு நடந்து, தமக்கையார் திலகவதியார் திருவடியில் வீழ்ந்தார். பின்னர் அவர் கையேந்தியது செங்கோலன்று. புல் செதுக்கும் உழவாரம். தலைமையைத் துறந்து திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கியவரையே உலகம் அரசர் என்று வணங்குகின்றது. கெடிலக்கரைத் திருவதிகை நம்மூர்க்கு அணித்தே இருத்தலின், இவ்வுண்மையை நாம் தொலைவிற் சென்று தேடவேண்டுவதில்லை.

இனிக் கல்வெட்டுகளை நோக்குவோம். சோழர் காலத்துத் திருக்கோயில் அதிகாரிகள் ஸ்ரீகாரியம் செய்வார், கண்காணி செய்வார், நாயகம் செய்வார் எனக் குறிக்கப்பெறுகின்றனர். பதவி, அமர்ந்திருக்கும் இருக்கையாக அன்று, செய்யும் செயலாகவே கருதப்பெற்றமை இதனாற் புலனாம். தஞ்சை இராசராசேச்சரத்தில் ஸ்ரீகாரியம் செய்த ஆதித்தன் சூரியன், தென்னவன் மூவேந்தவேளான் என்னும் பட்டம் பெற்றவன். அவன் அத்திருக்கோயிலுக்கு நம்பியாரூரர், நாவுக்கரசர், ஞானசம்பந்தர் முதலிய அடியார்தம் செப்புத்திருமேனிகளை எழுந்தருளுவித்தான். அவனை ஆண்ட மாமன்னனோ, சிவன் திருவடியையே முடியணியாகக் கொண்டவன் எனப் பொருள்படும் சிவபாதசேகரன் என்னும் பெயரைப் பூண்டான்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றவை. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்றோர் 360 நாள் வாரியம் செய்தனர்; பின்னர் விலகினர். முன் வாரியம் செய்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர் என விலக்கப்பெற்றனர். மின்வாரியம், குடிநீர் வாரியம் என நாம் இன்று வழங்கும் சொல்லோடு அன்று கணக்குக் காட்டும் கடமையும் பிணைந்திருந்தது.

வடசொற்களும் இதற்கு மாறுபட்டன அல்ல. பதவி வகித்தல் என்கின்றோம். வகித்தலாவது சுமத்தல். நிருவாகம் என்பதும் அவ்வடியிற் பிறந்ததே. வாகனம் என்பதும் அதுவே. திருவிழாவில் விடை வாகனத்தின்மேல் மாலை விழுகின்றது, மக்கள் கைகூப்புகின்றனர். அவ்வணக்கம் மேலெழுந்தருளிய பெருமானுக்கு உரியதேயன்றி மரவிடைக்கு அன்று. தருமகர்த்தா என்றால் அறத்தைச் செய்வோன். இன்று வழங்கும் அறங்காவலர் என்றால் அதனைக் காப்போன். உரிமையாளன் என்னும் பொருள் இரண்டிலும் இல்லை.

இப்பொருளை மறக்கச் செய்வது எது? சித்தாந்த நூல்கள் அதிகார மலம் என ஒன்றனைக் கூறும். அனந்தர் முதலிய வித்தியேசுரர் எண்மரும் இறைவன் ஆணைவழி நின்று தொழில் நடத்தும் உயர்நிலையினர். ஆயினும் அவ்வதிகாரத்தில் ஒரு விருப்பம் அவர்பால் எஞ்சி நிற்கும் என்றும், அது நீங்கிய பின்னரே வீடுபேறு கூடும் என்றும் ஆசிரியர் கூறுவர். அத்தகையோர்க்கே அஃது எஞ்சுமாயின், நம்மனோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

இதனை மடத்தில் இளமையிலேயே பாடங்கேட்டவன் அடியேன். ஆயினும் முப்பதாண்டுகட்கு முன்னர் ஒரு சிற்றூர்த் திருப்பணிக்குழுவில் இருந்தபொழுது, கல்லிற் பொறிக்கும் பெயர்வரிசையில் யார் முன், யார் பின் என்னும் வழக்கு எழுந்தது. முன்னிற்க வேண்டுமென வாதிட்டோருள் யானும் ஒருவன். விமானத்துப் பணி முடிந்திருந்தும் குடமுழுக்கு ஓராண்டு தள்ளிப்போயிற்று. நாள்தோறும் பூத்தொடுத்துத் தந்த மூதாட்டியார் ஒருவர் அந்நாளைக் காணாமலே இறைவனடி சேர்ந்தார். அவர் பெயர் எக்கல்லிலும் இல்லை. எம் பெயர்கள் உள்ளன. அக்கல்லைக் காணுந்தோறும் நாணுகின்றேன்.

பொருளீந்த புரவலர்களே, நிருவாகம் ஏற்கவிருக்கும் பெரியோர்களே! குடமுழுக்கு நாளொடு திருப்பணி முடிவதில்லை. நாளைக் காலை விளக்கிற்கு எண்ணெய் வேண்டும். திருமுற்றத்தில் புல் முளைக்கும். கணக்கேடு எழுதப்பெற வேண்டும். இவற்றைச் செய்வாரே நாயகம் செய்வார்.

இரண்டாம் குலோத்துங்கன் அவையில் உத்தமசோழப் பல்லவராயன் என்னும் பட்டத்தோடு அமைச்சராய் விளங்கிய சேக்கிழார், தில்லையில் அமர்ந்து அடியார் வரலாற்றைப் பாடி முடித்தபின் தொண்டர்சீர் பரவுவார் என்னும் பெயர் பெற்றனர் என்பது மரபு. முன்னைப் பட்டம் அரசன் பணிக்கு உரியது; பின்னைப் பெயர் அடியார்தம் பெருமையைப் போற்றியதனால் வந்தது. சேக்கிழார் பெருமானை நாம் நினைந்து தொழுவது அப்பின்னைப் பெயராலன்றோ! நம்மூர்த் திருக்கோயிலில் பொறுப்பேற்போர் யாவர்க்கும் அத்தகைய பெயர் வாய்க்க எம்பெருமான் திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்